இறால் தலை

"சீ! மனுஷங்களா இவங்க?"

தலைமையாசிரியை ரோஸ்மேரி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பழவேற்காடு ஏரிக்கரையில் நூற்றிருபது வருடமாக நிற்கும் பள்ளிக்கூடம் அது. விடுமுறைக்குப் போட்டிருந்த பூட்டைத் தன் சாவியால் திறந்து பெரிய வகுப்பறைக் கதவைத் தள்ளியதுமே நாற்றம் முகத்தில் அறைந்தது. தரை முழுக்க அழுகிய மடவை மீன், இறால் தலை, நண்டு ஓடு. புழு நெளிந்தது.

பின்னால் வந்த ஆபிரகாமுக்கு வாசலிலேயே குமட்டியது. ரிசார்ட் கம்பெனி மேலாளர். பள்ளியை நடத்தும் அறக்கட்டளை கட்டடத்தை அவர்களுக்குத்தான் விற்கப்போகிறது. இன்று அவருக்குப் பிடித்துவிட்டால் ஜூன் மாதம் பள்ளியை மூடிவிடுவார்கள். குப்பத்துப் பிள்ளைகள் அறுபது பேரும் பொன்னேரிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

"யார் மேடம் இப்படிப் பண்ணது?"

"வேற யாரு? குப்பத்து ஜனங்கதான். டேய் தருமா, இங்க வாடா!"

வெளியே வலை உலர்த்திக்கொண்டிருந்த தருமன் வந்து தலைகுனிந்து நின்றான். ரோஸ்மேரியிடம் படித்தவன். இப்போது அவன் மகள் இங்கே மூன்றாம் வகுப்பு.

"உன் பொண்ணு உக்காந்து படிக்கிற எடம்டா! இங்கயா கொண்டாந்து கொட்டுவீங்க?"

"விக்காத மீன இன்னா பண்றது டீச்சர்? எங்கனா கொட்டித்தான ஆவணும்."

"இனிமேலாவது நிறுத்துவீங்களா?" என்றார் ஆபிரகாம், கைக்குட்டைக்குள்ளிருந்து.

"அது எப்டி சார்? உங்க ஓட்டல் வந்தாலும் இங்கதான் கொட்டுவோம். காலங்காலமா கொட்ற எடம்."

"கேட்டீங்களா சார்? இருபது வருஷமா இந்தக் கண்றாவியோடதான் மாரடிக்கிறேன். சீக்கிரம் வாங்கித் தொலைங்க, நான் நிம்மதியா போறேன்."

ஆபிரகாம் ஓடிப்போய் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்தபடியே போனை எடுத்தார்.

"இந்த எடம் வேணாம் சார். எவன் வந்து தங்குவான் இங்க? கேன்சல் பண்ணிடுங்க."

கார் புழுதி கிளப்பிப் போய் மறைந்தது. ரோஸ்மேரி இன்னொரு முறை வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது ரொம்ப அநியாயம் தருமா."

தருமன் தலையைச் சொறிந்தான்.

"நீங்க ரெண்டு கூடைதான் கேட்டீங்க டீச்சர்… ஊரே சேந்து எட்டு கூடை கொட்டிடுச்சு!"