கஞ்சி போட்ட உறை

மார்பில் கட்டி எடுத்த நாளிலிருந்து வீங்கியே கிடக்கும் இடக்கையைக் கனகா ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேசைமேல் தூக்கி வைத்திருக்கிறாள். வீக்கத்தை அமுக்கிப் பிடிக்கும் உறை மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை ஏறியிருக்கிறது. சன்னல் வழியாக நாகல் நகரின் உச்சி வெயில் அதன்மேல் விழுகிறது. "தொளதொளத்துப் போச்சு தாயி. புதுசுக்கு இன்சூரன்ஸ்ல குடுப்பாகளா?" என்கிறார் கணவர் சுப்புராஜ், சின்னாளபட்டி நெசவாளி. மேசைக்குப் பின்னாலிருக்கும் யுவராணி உறையைத் தொட்டுப் பார்க்கிறாள். "என்னண்ணே, அட்டை கணக்கா வெறச்சு நிக்குது?" "கஞ்சி போட்டேன். தறியில பாவு நூலுக்குப் போடுற கஞ்சிதான். அதுல நிமிராத நூலே கிடையாது." கனகா சிரிக்கிறாள். "சேலையா இருந்தா இந்நேரம் மடிச்சு வித்திருப்பாரு."

யுவராணி சிரிக்கவில்லை. "உறை துணிக் கணக்குல வருதுண்ணே, அதுக்குக் கிடையாது. கை வீக்கம் முத்திப்போயி பெட்ல படுத்தாத்தான் கிளெய்ம்." "படுக்காம இருக்கத்தானம்மா உறை கேக்குறோம்!" யுவராணி உறையின் மேல்விளிம்பை மெல்லச் சுருட்டுகிறாள். கஞ்சியின் விறைப்பு அறுத்த இடத்தில் தோல் வெடித்திருக்கிறது. அங்கிருந்து சிவப்புத் தடம் ஒன்று தோளை நோக்கிப் படர்ந்திருக்கிறது; விரல் வைத்தால் சுடுகிறது. யுவராணியின் நெற்றியில் வியர்வை வழிகிறது. கனகாவோ முந்தானையை இழுத்துக் கழுத்துவரை போர்த்துகிறாள். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கின்றன. "செத்த நேரம் அந்த ஃபேன நிப்பாட்டேன், பாப்பா. குளிருது." யுவராணி ஃபேனை நிறுத்திவிட்டுப் போனை எடுக்கிறாள். "அக்கா, பொம்பளைங்க வார்டுல பெட் இருக்கா? அவசரம்." சுப்புராஜின் முகம் மலர்கிறது. "அப்ப கிளெய்ம் உண்டா தாயி?"