இன்னும் ஒரு வருஷம்

“போடும்மா. இதுல என்ன யோசனை?” என்று இளம்பெண்ணின் கையில் பேனாவைத் திணித்தாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பாதுகாப்பு அதிகாரி காத்திருந்தார். கணவன் அருகில் வரக்கூடாது என்ற கோர்ட் உத்தரவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி மனு கொடுத்தால்தான் காப்பகத்து அறையும் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கிடைக்கும்.

இளம்பெண் எதையும் வலது காதைத் திருப்பித்தான் கேட்டாள். கணவன் அடித்த அடியில் இடது காது கேட்காமல் போய்விட்டது.

“குழந்தை மேல சத்தியமா திருந்திட்டேன்னு ஆள் மேல ஆள் விடறாரு மேடம். அழறாராம். ஊரும் என்னைத்தான் பேசுது...”

“ஊர் வாய்க்கு ஏது பூட்டு?” என்றாள் அம்மாள். “அவன் அழுவான். நாலு நாள் பசு மாதிரி இருப்பான். அப்புறம் உதடு துடிக்கும், கை ஓங்கிடுவான். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். நம்பாதே.”

அதிகாரி வியப்போடு பார்த்தார். “இங்க வர்ற அம்மாமாரெல்லாம் ‘அனுசரிச்சுப் போடி’ன்னுதான் சொல்வாங்க. உங்க பொண்ணு குடுத்துவெச்சவ.”

அம்மாளின் தலை குனிந்தது. “நானும் அப்படிச் சொன்னவதான். ஒரு நாள் அடி தாங்காம தெருவுக்கு ஓடி வந்தா. ‘நாலு பேர் பாக்குறாங்க, மானம் போகுது’ன்னு நானே இவ கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அவன்கிட்ட விட்டேன். அன்னிக்குத்தான் காது போச்சு.”

“விடுங்க. பழசு எதுக்கு இப்போ?” என்று மெல்லச் சொன்ன இளம்பெண், குனிந்து கையெழுத்தைப் போட்டாள்.

மனுவை வாங்கிய அதிகாரிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “திருந்திட்டானாம்! அவனைச் சொல்லி என்ன பண்ண? இப்படி ஒருத்தனைப் பெத்து, கண்டிக்காம வளர்த்து விட்டிருக்காளே, அவளை நிக்க வெச்சுக் கேக்கணும்!”

“மேடம், வேண்டாம்...” பதறினாள் இளம்பெண்.

அம்மாள் அவளைக் கையமர்த்தினாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“கேளுங்கம்மா. அவனைப் பெத்தவ நான்தான்.”