படியில்லாத டிராம்

தாழ்தள டிராம் ஓடத் தொடங்கிய முதல் நாள், செண்பகவல்லி தன் சக்கர நாற்காலியோடு நிறுத்தத்தில் காத்திருந்து மூன்று வண்டிகளைப் போகவிட்டாள். பழைய டிராமின் படிகளில் அவளை அண்ணன்தான் தூக்கி ஏற்றுவான். எங்கே, எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவான். இன்று அவனிடம் சொல்லாமல் கிளம்பியிருந்தாள். ஒவ்வொரு வண்டி வந்தபோதும் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நாலாவது வண்டியின் கதவு திறந்தது. நடைமேடையும் வண்டியின் தளமும் ஒரே மட்டமாக இருந்தன. சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினாள், உள்ளே வந்துவிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நடத்துனர் வந்தார். "எங்கம்மா போகணும்?"

அவள் அதை யோசிக்கவே இல்லை. "இது எதுவரைக்கும் போகும் சார்?"

"துறைமுகம் வரைக்கும்மா."

"அங்கயே ஒரு டிக்கெட் குடுங்க."

மடியில் கைபேசி அதிர்ந்தது. அண்ணன். அது அடங்கும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே மறுபடியும் அதிர்ந்தது.