உடைந்த ஊசி

பனியன் கம்பெனியில் தைத்து முடித்த குழந்தைச் சட்டைகளைக் குனிந்து சோதித்துக்கொண்டிருந்தாள் சூப்பர்வைசர் சுபஸ்ரீ. ஒரு மடிப்பில் கூரான உலோகத் துணுக்கு கிடந்தது.

பல்லில் போட்ட கிளிப் தெரியக் கத்தினாள். “ஊசி உடைஞ்சா உடனே சொல்லோணும்னு எத்தன வாட்டி சொல்றதுங்க? பச்சக் கொழந்தையக் குத்தியிருந்தா?”

டெய்லர் சீனியம்மாள் ஊசி பொறுக்கும் காந்தத்தை அந்தத் துணுக்கின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு மெஷினைக் காட்டினாள். “என் ஊசி முழுசாத்தான் இருக்கு மேடம். அந்தத் துண்டு காந்தத்துலயும் ஒட்ட மாட்டேங்குது. ஊசின்னா ஒட்டணும்லா?”

“உடைஞ்சதுக்குப் பதிலாப் புது ஊசி மாட்டியிருப்பீங்க. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க. அந்த மெஷினுக்கு வேற ஆள் போட்டுக்கறோம்.”

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சீனியம்மாள் அழுதபடியே வெளியேறினாள்.

அன்று மாலை பல் டாக்டர் சுபஸ்ரீயின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“பல்ல இழுத்துப் பிடிக்க ஈறுல ரெண்டு குட்டி ஸ்க்ரூ வெச்சிருந்தமே, அதுல ஒண்ணக் காணோமுங்க. லூசாகி எங்கியோ விழுந்திருக்கு.”

சுபஸ்ரீ சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அது காந்தத்துல ஒட்டுமுங்களா டாக்டர்?”

“ஒட்டாதுங்க, டைட்டானியம். போனாப் போகுது விடுங்க. அந்த எடத்துக்கு வேற ஒண்ணு போட்டுக்கலாம்.”