எடில்மாவின் டப்பா

"அய்யய்ய, சீ!" என்று அலறிய காவலாளி வெனான்சியோ, சோதனைக்காகத் திறந்த சாப்பாட்டு டப்பாவை மேசைமேல் போட்டுவிட்டுப் பின்னால் துள்ளினான். சோறும் பீன்ஸும் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெளிந்துகொண்டிருந்தன.

மதியம் இரண்டு மணி. சான் எலோய் ஈ ஆலைக்கு இருந்தது ஒரே வாசல். காலை ஷிப்ட் வெளியே போகவும் மாலை ஷிப்ட் உள்ளே வரவும் அதில்தான் முண்டியடிக்க வேண்டும். நொடியில் கூட்டம் கூடிவிட்டது.

"மெதுவா தம்பி, கவுத்துடாத," என்றாள் எடில்மா. ஐம்பது வயதுக்காரி. ஒன்பது வருடமாகப் புழுத்தட்டு அறையில் வேலை.

"பேச்சப் பாரு! இந்தக் கருமத்த என்ன, வறுத்துத் திங்கப் போறியா?"

யாரோ சிரித்தார்கள். யாரோ காறித் துப்பினார்கள். எட்டு மணி நேரம் புழு நாற்றத்திலேயே கிடக்கிறவர்கள்தான் எல்லோரும். அவர்கள் ஏறினால் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகிவிடும். வாசலில் எம்பனாடா பலகாரம் விற்கிறவள்கூட அவர்கள் கையைத் தொடாமல்தான் சில்லறையைப் போடுவாள். ஆனாலும் சாப்பாட்டு டப்பாவில் புழு என்றதும் அவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மாட்டின் சின்னக் காயத்தில் முட்டையிடும் ஈ அது. முட்டையிலிருந்து வரும் புழுக்கள் உயிருள்ள சதையைக் குடைந்து தின்னும். ஆலையில் அதை லட்சம் லட்சமாக வளர்த்து, கூட்டுப்புழுவாக இருக்கும்போதே கதிர் பாய்ச்சி மலடாக்கி, விமானத்திலிருந்து காட்டின்மேல் தூவுவார்கள். பெண் ஈ ஆயுளில் ஒரு தடவைதான் கூடும். மலட்டு ஆணோடு கூடிவிட்டால் அது இடும் முட்டை ஒன்றும் பொரிக்காது. அப்படித்தான் பதினோரு வருடமாக அந்த நாட்டில் ஒரு மாட்டுக்கும் புழு வைக்கவில்லை.

கதிர் படாத புழு ஒன்றே ஒன்று வேலியைத் தாண்டினாலும் அத்தனை வருட உழைப்பும் பாழ். அதனால் வெளியே போகிறவர்கள் உடுப்பை அங்கேயே கழற்றிப் போட்டு, தலையோடு குளித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"குளிக்கக்கூட இல்ல, பாருங்க!" வெனான்சியோ அவள் கொண்டையைக் காட்டினான். "தல காஞ்சு கெடக்கு. அப்படியே நழுவப் பாத்திருக்கா."

"டாக்டரம்மாவக் கூப்பிடு. அவங்ககிட்டதான் சொல்வேன்."

"ஏன், எங்ககிட்ட சொன்னா வாய் வெந்துடுமா?"

"இத்தன பேர் முன்னாடி சொல்ற விஷயம் இல்ல."

டாக்டரம்மாவுக்கு முன்னால் மேலாளர் லிசான்ட்ரோ வந்து சேர்ந்தார். மூக்கில் கைக்குட்டை. புழுத்தட்டு அறைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர். டப்பாவை ஒரு தரம் பார்த்ததும் அவர் முகம் கோணியது.

"ஓ, ஆள் குறைக்கிற லிஸ்ட்ல பேர் வந்ததுக்குப் பழி வாங்கறியா? நாட்டுல திரும்பவும் புழு வந்துட்டா உன் வேலை நிலைச்சிடும்னு நெனப்பா?"

எடில்மா டப்பாவின் மேலேயே கண் வைத்திருந்தாள்.

"வெந்நியக் கொண்டாந்து ஊத்துய்யா இதுல! அப்புறம் போலீசுக்குச் சொல்லு."

வெனான்சியோ நகர்வதற்குள் எடில்மா டப்பாவைப் பாய்ந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரு புழு அவள் விரலில் ஏறியது. கூட்டம் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகியது. அவள் அதை உதறாமல் கிள்ளி எடுத்து உள்ளே போட்டாள். ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் குமட்டாதவளுக்கு இன்று குமட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஒதாலிஸ் மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஈக்களின் பரம்பரையைக் கவனிப்பது அவள் வேலை. "இருநூறு தலைமுறையா தட்டுலயே பொறந்து தட்டுலயே வளர்ந்த ஆண் ஈ சார் நம்மளது. காட்டுல ஒரு பெண் ஈ 'இவன் வேண்டாம்'னு ஒதுக்கினா போதும். அந்தக் குணம் அது பெத்த பொண்ணுங்களுக்கும் வரும், பேத்திகளுக்கும் வரும். ஒதுக்கத் தெரிஞ்சதுங்க மட்டுந்தான் பெருகும்" என்று ஒவ்வோர் ஆலோசனைக் கூட்டத்திலும் சொல்வாள். லிசான்ட்ரோ ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். ஈக்கு மாப்பிள்ளை பார்க்கும் டாக்டர் என்று அவளுக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்.

டப்பாவைப் பார்த்ததும் ஒதாலிஸின் முகத்திலும் அந்த அருவருப்பு வந்தது. புழுவைப் பார்த்து அல்ல, எடில்மாவைப் பார்த்து.

"நீயா எடில்மா? மத்தவங்க யார் செஞ்சிருந்தாலும் மனசு ஆறிடும். உனக்குத் தட்டு பிடிக்கக் கத்துக்குடுத்ததே நான்தானே?"

"டாக்டரம்மா, கொஞ்சம் தனியா..."

"தனியா என்ன ரகசியம்? இங்கயே சொல்லு, சத்தமா சொல்லு!" என்று கத்தினார் லிசான்ட்ரோ.

ஒதாலிஸ் குறிப்பேட்டைத் திறந்தாள். எடில்மாவின் முகத்தைப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "எந்த வரிசைத் தட்டுலருந்து எடுத்த? அதையாவது உண்மையா சொல்லித் தொலை."

எடில்மா கூட்டத்தை ஒரு முறை பார்த்தாள். பாதிப் பேர் அவள் ஊர்க்காரர்கள். வீட்டுக்கு வீடு மாடு வைத்திருப்பவர்கள். டப்பாவை ஒதாலிஸின் கையில் கொடுத்தாள்.

"தட்டுலருந்து இல்ல டாக்டரம்மா. நான் இப்பதான் வேலைக்கு உள்ள வரேன். காலையில எங்க கன்னுக்குட்டி தொப்புள்லருந்து எடுத்தேன்."