முதலாளி ஒத்துக்கொண்டார்

சங்கம் ஆரம்பித்த மறுநாளே முதலாளி எங்களை ஏ.சி. அறைக்கு அழைத்துக் காபி கொடுத்தார்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள எதுக்குப்பா சங்கம்?"

எங்கள் சங்கத் தலைவி, பாலிஷ் போடும் பிரிவு அக்கா, எழுந்தார். "மெஷினைக் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டச் சொல்றீங்க. எங்க கையும் நசுங்குது, சரக்கும் உருப்படியா வர்றதில்ல. நிதானமா செய்ய விடுங்க சார்."

முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கையைப் பத்திப் பேசும்மா, கேட்டுக்கறேன். என் சரக்கைக் குறை சொல்லாதே! அதை நம்பித்தான் நான் ராத்திரி நிம்மதியா தூங்கறேன்!"

அடுத்த நாள் காலை ஆலைக்குக் கதவடைப்பு. கேட்டில் தடித்த சங்கிலி, அதில் பெரிய பூட்டு. சங்கத்துக்குக் கைதட்டியவர்களே சங்கத்தைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

அக்கா மட்டும் பூட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பொழப்பே போச்சு, சிரிக்கிறீங்களேக்கா?"

"சரக்கு சரியில்லைன்னு நாம சொன்னதை முதலாளியே ஒத்துக்கிட்டாருப்பா. நம்ம பூட்டு ஃபாக்டரியைப் பூட்டறதுக்கு, போட்டிக் கம்பெனிப் பூட்டை வாங்கி மாட்டியிருக்காரு!"