கறுப்புக் கண்ணாடி வரிசை

வராந்தா நெடுகக் கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கண்ணுக்கு லேசர் செய்துகொண்டவர்கள். பார்வை தெளியாமல், உறுத்தலும் கலங்கலுமாக வந்தவர்கள். காத்திருந்தது டாக்டரம்மாவின் அறை வாசலில்.

"பாத்தீங்களாம்மா உங்க வரிசையை?" கதவைச் சாத்திவிட்டுத் தலைமை டாக்டர் கேட்டார்.

அடுத்தவர் கண்ணைப் பார்த்துப் பார்த்து டாக்டரம்மாவுக்குத் தன் கண் எரிந்தது. மேஜை ஓரத்தில் சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது. "காலையிலேர்ந்து அதைத்தான் சார் பாத்துக்கிட்டிருக்கேன்."

லேசருக்குப் பிறகு வரும் சிக்கல்களைக் குறைக்க மருத்துவமனையில் தரக் குழு ஒன்று போட்டிருந்தார்கள். அதற்குத் தலைவர் தலைமை டாக்டர்தான். கைராசிக்காரர் என்று பேர். கண் சரியில்லை என்று இதுவரை ஒருவர்கூட அவர் அறைக்குத் திரும்பி வந்ததில்லை.

"திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க லேசர் பண்ண வேண்டாம். சிக்கல்னு வர்றவங்க எல்லாம் உங்க வாசல்லதான் நிக்கிறாங்கன்னு குழுவில முடிவாயிடுச்சு. எனக்கும் சங்கடம்தான்."

"கூட்டத்துலயே சொல்ல வந்தேன் சார். சாக்குப்போக்கு வேண்டாம்னுட்டீங்க."

"சரி, இப்ப சொல்லுங்க."

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வாதாடத் தெம்பில்லை. "நான் சொல்லி என்ன சார்? சிக்கல் வந்தா டாக்டரைக் கேக்காதீங்க, நோயாளி பக்கத்துல உக்காந்து ஆதியோட அந்தமா கேளுங்கன்னு பாடம் எடுத்ததே நீங்கதான். போய்க் கேளுங்க."

அதுவும் நியாயம்தான் என்று தலைமை டாக்டர் வெளியே வந்தார். ஆபரேஷன் தியேட்டரை விட்டால் தன் அறை, அறையை விட்டால் கார் என்றிருந்தவருக்கு இந்த வராந்தாவில் உட்கார்ந்து பழக்கமில்லை.

முதல் நாற்காலியில் ஒரு தையல்காரம்மா. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, பிழைப்பே நின்றுபோச்சு என்று பக்கத்தில் இருந்தவரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

தலைமை டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்களுக்கு லேசர் பண்ணது யாரும்மா? பயப்படாம சொல்லுங்க."

 தையல்காரம்மா பேச்சு வந்த பக்கம் மெல்லத் திரும்பினார். வரிசையில் இருந்த மற்றக் கறுப்புக் கண்ணாடிகளும் ஒவ்வொன்றாகத் தலைமை டாக்டரை நோக்கித் திரும்பின.

"மூஞ்சி தெரியல டாக்டர். ஆனா அன்னிக்கு 'அசையாம படுங்கம்மா'ன்னு சொன்னது இந்தக் குரல்தான்."